மொழியும் பண்பாடும் பொருளாதார விருத்தியும்: ஒரு விமர்சன நோக்கு

‘படிப்பும் சிக்கனமும் எங்கள் இரத்தத்தில் ஊறியவை’ என்று யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் பெருமையுடன் கூறக் கேட்டிருக்கின்றோம். ‘தோட்டத்துச் சனங்களுக்கு நாளையைப் பற்றிய நினைப்பே கிடையாது’ என்று அதே வாய்கள் சொல்லவும் கேட்டிருக்கின்றோம். இவை சாதாரண உரையாடலில் வந்துபோகும் கூற்றுக்கள். ஆயினும் அவற்றினுள்ளே பொருளாதார வரலாறு பற்றிய ஒரு கோட்பாடு மறைந்து கிடக்கின்றது. ஒரு சமூகம் செல்வம் பெறுவதையும் பெறாது போவதையும் அச்சமூகத்தின் மொழி, சமயம், பழக்கவழக்கம், மனப்பாங்கு என்பனவே நிர்ணயிக்கின்றன என்பதே அக்கோட்பாடு. திண்ணையில் பேசப்படும் இக்கருத்தைப் பல்கலைக்கழக ஆய்வாளரும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பேசி வந்துள்ளனர். அவர்கள் முன்வைத்த சான்றுகளைப் பரிசீலித்து, மொழியும் பண்பாடும் பொருளாதார விருத்தியை எவ்வழியிற் பாதிக்கின்றன என்பதை வரையறுக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெபரின் கருத்தும் மறுபரிசீலனையும்

பண்பாட்டை முதன்மைப்படுத்தும் விளக்கங்களுக்கு மூலவராகக் கொள்ளப்படுபவர் ஜேர்மனிய சமூகவியலாளரான மக்ஸ் வெபர். புரட்டஸ்தாந்து ஒழுக்கநெறிக்கும் முதலாளித்துவ மனப்பாங்குக்குமுள்ள தொடர்பு பற்றி அவர் 1904, 1905ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகள் இத்துறையின் தோற்றுவாய் எனலாம். கல்வினிய சமயப் பிரிவினர் தமது மீட்சி முன்கூட்டியே விதிக்கப்பட்டது என நம்பினர். தாம் தெரிந்தெடுக்கப்பட்டவரோ அல்லரோ என்னும் அச்சம் அவர்களை ஓயாத உழைப்புக்கும் ஆடம்பரமற்ற வாழ்வுக்கும் தூண்டியது. உழைத்ததைச் செலவிடாதவிடத்து அது மூலதனமாகத் திரண்டது. வெபரின் வாதம் சுருக்கமாக இதுவே. பாடன் பிரதேசத்திற் புரட்டஸ்தாந்தரும் கத்தோலிக்கரும் கல்வியிலும் தொழிலிலும் பெற்றிருந்த இடத்தைக் காட்டும் புள்ளிவிபரங்களோடு அவர் தமது ஆய்வைத் தொடங்கினார்.

வெபரை மறுப்போர் பலர் அவர் கூறாததை மறுத்துள்ளனர் என்பதை இங்கு குறிப்பிடல் வேண்டும். சமயமே முதலாளித்துவத்தின் ஒரே காரணம் என அவர் கூறவில்லை. பொருளியற் காரணிகளை மாத்திரம் நோக்குவது எவ்வாறு ஒருதலைப்பட்சமானதோ, கருத்துக்களை மாத்திரம் நோக்குவதும் அவ்வாறானதே என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். ஆயினும் அவரது வாதத்தில் இரு இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, லூதருக்கு முன்னரே, கத்தோலிக்க நகரங்களான புளோரன்சிலும் வெனிசிலும் வங்கித்தொழிலும் கணக்குவைப்பு முறையும் தூர வாணிபமும் வளர்ந்திருந்தன. 1926இல் வெளிவந்த தமது நூலிலே ஆர். எச். டோனி சமயத்துக்கும் முதலாளித்துவத்துக்கும் இடையிலான தொடர்பு ஒருவழிப் பாதையன்று என்பதை விரிவாக எடுத்துக்காட்டினார்.

இரண்டாவது இடர்ப்பாடு நமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. வேதத்தை ஒவ்வொருவரும் தாமே வாசித்தல் வேண்டுமென மார்ட்டின் லூதர் வற்புறுத்தினார். புதிய ஏற்பாட்டை 1522இலும் முழு வேதாகமத்தை 1534இலும் ஜேர்மன் மொழியில் வெளியிட்டார். பாடசாலைகளை நிறுவுமாறு 1524இல் நகரசபைகளுக்கு வேண்டுகோள் விடுத்தார். சாஷா பேக்கர், லுட்கர் வோஸ்மன் என்னும் ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட கட்டுரையொன்றிற் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரசியாவின் மாவட்டத் தரவுகளை ஆராய்ந்தனர். புரட்டஸ்தாந்து மாவட்டங்கள் பொருளாதாரத்தில் முன்னின்றமை உண்மையே. ஆனால் எழுத்தறிவு வேறுபாட்டைக் கணக்கில் எடுத்தவிடத்து அம்முன்னிலையின் பெரும்பகுதி அதனாலேயே விளக்கம் பெற்றது. வெபர் மீட்சி பற்றிய அச்சத்திலே தேடிய காரணம் தாய்மொழியில் அச்சிட்ட நூலிலும் அதனை வாசிக்கக் கற்பித்த பள்ளிக்கூடத்திலும் கிடைக்கின்றது. நம்பிக்கையின் உள்ளடக்கத்திலும் பார்க்க, அந்நம்பிக்கை கட்டியெழுப்பிய நிறுவனமே வலுவுடையதாயிற்று எனலாம்.

கொன்பூசியசின் இரு முகங்கள்

ஒரு விளக்கத்தின் தகுதியை அறிய எளிய வழியொன்றுண்டு. விளைவு தலைகீழாக மாறியபோதும் அதே காரணமே கூறப்படுமாயின் அவ்விளக்கம் எதனையும் விளக்கவில்லை என்பது பொருள். 1915இல் சீன சமயங்களைப் பற்றி எழுதிய வெபர், கொன்பூசிய நெறி உலகோடு இணங்கிப்போகும் மனப்பாங்கை வளர்த்தமையால் நவீன முதலாளித்துவம் அங்கு உள்ளிருந்து தோன்றவில்லை எனக் கருதினார். பின்னர் யப்பான், தென்கொரியா, தாய்வான், ஹொங்கொங், சிங்கப்பூர் ஆகியன விரைந்து வளர்ந்தன. அப்பொழுது அதே கொன்பூசிய நெறி அவ்வளர்ச்சிக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. குடும்பப் பற்றும் கல்விமீதான மதிப்பும் அதிகாரத்துக்குப் பணிதலும் முன்னர் முட்டுக்கட்டைகளாயிருந்தன, பின்னர் உந்துசக்திகளாயின. 1982இல் யப்பானின் வெற்றியைப் பற்றி எழுதிய மிச்சியோ மொரிஷிமா, யப்பானிய கொன்பூசியம் சீனத்தினின்றும் வேறுபட்டது என நுணுக்கமாகப் பிரித்துக் காட்டினார். அவரது நூல் ஆழமானது. ஆயினும் வளர்ச்சி நிகழ்ந்த பின்னரே அதற்கேற்ற பண்பாடு கண்டுபிடிக்கப்படும் இயல்பை அந்நூலும் முற்றாகக் கடந்ததெனச் சொல்வதற்கில்லை.

இலக்கணமும் சேமிப்பும்

சமயத்தை விடுத்து மொழியின் அமைப்பிலேயே காரணம் தேடும் முயற்சி அண்மைக்காலத்தது. அமெரிக்கப் பொருளியலாளர் கீத் சென் 2013இல் வெளியிட்ட ஆய்வு பெரும் கவனத்தைப் பெற்றது. ஆங்கிலத்தில் எதிர்கால நிகழ்ச்சியைக் கூறுவதற்குப் பொதுவாக எதிர்காலச் சொல் வேண்டும். ஜேர்மன் மொழியில் ‘நாளை மழை பெய்கிறது’ என்னும் அமைப்பிலே கூறிவிடலாம். எதிர்காலத்தை இலக்கணத்தாற் பிரித்துப் பேசுவோருக்கு அது தொலைவிலுள்ளதாகத் தோன்றுகிறது; அங்ஙனம் பிரியாதோர் நாளையை இன்றோடு ஒன்றாகவே காண்கின்றனர்; ஆதலால் அவர்கள் கூடுதலாகச் சேமிக்கின்றனர். இதுவே சென்னின் முடிபு.

இவ்வாதத்தை நம் மொழியில் வைத்துச் சோதித்தல் பயனுடையது. தமிழுக்கு முக்காலம் உண்டென இலக்கணம் வகுக்கின்றது. ஆயின் யாழ்ப்பாணப் பேச்சில் ‘நாளைக்கு வாறன்’ என்பதே இயல்பான வழக்கு; வினை நிகழ்காலத்தில் நிற்க, எதிர்காலத்தை ‘நாளைக்கு’ என்னும் சொல் உணர்த்துகின்றது. ‘அந்நாளில் அவர் தினமும் கோயிலுக்குப் போவார்’ என்னுமிடத்து எதிர்கால வடிவம் கழிந்த காலத்து வழக்கத்தைக் காட்டுகின்றது. சோறு உண்டுகொண்டிருப்பவன் வெளியே அழைப்பவனை நோக்கி ‘இதோ வந்துவிட்டேன்’ என்பதை விரைவு பற்றிய கால வழுவமைதி என நன்னூல் வழிவந்த உரையாசிரியர்கள் அமைத்துக்கொண்டனர். சிங்களப் பேச்சுமொழியிலும் நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் ஒரே வினைவடிவமே பெரிதும் வழங்குகின்றது. இத்தகைய மொழிகளை ஒரு பட்டியலின் இரு நிரல்களிலே அடக்குவது எங்ஙனம்? ஏட்டுத்தமிழை எடுத்தால் ஒரு நிரலிலும், வீட்டுத்தமிழை எடுத்தால் மற்றொன்றிலுமல்லவா நாம் விழுகின்றோம்? மாதந்தவறாது சீட்டுக் கட்டும் பெண்மணி எந்தக் காலவிகுதியின் தூண்டுதலாற் சேமிக்கிறார் என்று கேட்பின் நகைப்பே எஞ்சும்.

இவ்வையத்தைப் புள்ளிவிபர முறையிலும் எழுப்பியுள்ளனர். ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த மொழிகள் இலக்கணத்தையும் வழக்கங்களையும் பொது முன்னோரிடமிருந்து பெற்றிருத்தல் கூடும். அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணுதல் தவறு. சீன் ரொபேட்ஸ், ஜேம்ஸ் வின்டர்ஸ் என்போருடன் இணைந்து கீத் சென் அவர்களே 2015இல் வெளியிட்ட மறுஆய்வில், இவ்வுறவுமுறையைக் கணக்கில் எடுத்தபோது முன்னைய தொடர்பு பெரிதும் நலிவுற்றது. தமது கருத்தைத் தாமே மீளச் சோதித்த அவரது அறிவு நேர்மை போற்றத்தக்கது. ஆயினும் முதல் ஆய்வு பெற்ற புகழை இரண்டாவது பெறவில்லை.

கொரியா தரும் சான்று

அங்ஙனமாயின் மொழிக்கும் பொருளாதாரத்துக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. அதன் தன்மையை உணர்த்துவதற்குக் கொரியாவின் வரலாறு தக்க சான்றாகும். மன்னர் செஜொங்கின் ஆட்சியில் 1443இல் ஆக்கப்பட்டு 1446இல் வெளியிடப்பட்ட ஹங்குல் எழுத்துமுறை சாதாரண மக்களும் எளிதிற் கற்றுக்கொள்ளுமாறு அமைந்தது. ஆனால் நாலரை நூற்றாண்டுக் காலம் அரசாங்கமும் உயர்குடியினரும் செஞ்சீன எழுத்திலேயே ஆவணமும் பரீட்சையும் நடத்தினர். 1894இன் சீர்திருத்தங்களின் போதே ஹங்குல் அரச ஆவணங்களில் இடம்பெற்றது. 1910இல் யப்பானிய ஆட்சி தொடங்கியது. 1930களின் இறுதியிற் கொரிய மொழி பாடசாலையினின்றும் ஒதுக்கப்பட்டது. உலகின் மிகச் சிறந்த எழுத்துமுறைகளுள் ஒன்றைக் கையில் வைத்திருந்த மக்களுட் பெரும்பாலோர் 1945இல் எழுத்தறிவற்றவராகவே இருந்தனர். எழுத்து இருந்தது, அதற்குரிய வாயில்கள் பூட்டப்பட்டிருந்தன.

விடுதலைக்குப் பின் அவ்வாயில்கள் திறக்கப்பட்டன. தென்கொரியாவிற் கட்டாய ஆரம்பக் கல்வியும் எழுத்தறிவு இயக்கமும் தொடங்கின. 1950ஐ ஒட்டி நிகழ்ந்த நிலச்சீர்திருத்தம் குடியானவரை நில உடைமையாளராக்கியது. பாடசாலை, பல்கலைக்கழகம், தொழிற்சாலை, நீதிமன்றம் ஆகிய யாவும் ஒரே மொழியில் இயங்கின. கிராமத்துப் பிள்ளை கற்ற மொழியே பொறியியலாளனின் மொழியுமாயிற்று.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வடகொரியாவும் அதே மொழியும் அதே எழுத்தும் அதே மூதாதையர் மரபும் உடையது. அங்கும் எழுத்தறிவு விரைந்து பரவியது. ஆயினும் 1990களில் வடக்குப் பெரும் பஞ்சத்துக்கு உள்ளாகியவேளை தெற்கு உலகச் சந்தையில் முன்னணி வகித்தது. ஒரே பண்பாடு, ஈர் அரசுகள், ஈர் முடிவுகள். ஆதலின் தாய்மொழிக் கல்வி விருத்திக்குப் பெருந்துணையாயினும் அதுமட்டும் போதியதன்று. அரசு, சந்தை, உடைமை பற்றிய ஒழுங்குகளும் சேரும்போதே அது பயன்தருகின்றது.

நமது சூழலில்

1960ஆம் ஆண்டளவில் இலங்கையினதும் தென்கொரியாவினதும் தலா வருமானங்களிடையே பெரிய இடைவெளி இருக்கவில்லை. பின்னர் ஏற்பட்ட இடைவெளியைக் கொரியரின் உழைப்புக் குணத்தாலும் நமது சோம்பற் குணத்தாலும் விளக்குவோர் இன்றுமுளர். மேற்கண்ட முறையிலே நமது வரலாற்றையும் நோக்கின் வேறு காட்சி தோன்றுகின்றது.

யாழ்ப்பாணத்தின் கல்விப் பெருமையை முதலில் எடுத்துக்கொள்வோம். 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியைத் தொடங்கினர். அவர்களுக்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வரண்ட சிறு நிலமும் பெருகிய குடித்தொகையும் ஒருபுறம். இலிகிதர்களை வேண்டிநின்ற கொழும்பு, மலாயா நிருவாகங்கள் மறுபுறம். இரண்டுக்குமிடையிற் பள்ளிக்கூடம் பாலமாயிற்று. இது இரத்தத்தில் ஊறிய குணமன்று. போட்டியிட்டு நிறுவப்பட்ட பாடசாலைகளின் விளைவு.

இதே வரலாற்றில் மற்றொரு நிகழ்ச்சியுமுண்டு. 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். உடற்கூற்றியல், இரணவைத்தியம் முதலிய துறைகளில் நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். ‘கெமிஸ்தம்’ 1875இல் வெளிவந்தது. தமிழால் அறிவியலைத் தாங்க இயலாது என்னும் கூற்றுக்கு அந்நூல்களே விடை. ஆயினும் 1870இற் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. உத்தியோகமும் அந்தஸ்தும் அதன்வழியே வந்தன. தமிழ் மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை. அங்கு தோற்றது மொழியன்று. அம்மொழியிற் கற்றவனுக்குத் திறக்க மறுத்த கதவே அதனைத் தோற்கடித்தது.

இனி மலையகத்தை நோக்குவோம். அங்கும் பேசப்படுவது தமிழே. வணங்கப்படும் தெய்வங்களும் பெரும்பாலும் அவையே. பண்பாடே செல்வத்தை நிர்ணயிக்குமாயின் இரு தமிழ்ச் சமூகங்களின் கதி இத்துணை வேறுபட்டமை ஏன்? துண்டு முறையின் கீழ்த் தொழிலாளி கங்காணிக்குப் பட்ட கடனோடு தோட்டத்துக்குத் தோட்டம் மாறினான். அம்முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. நாளைய கூலியை முன்னரே கடனுக்கு ஈடுவைத்தவனை நோக்கி ‘நாளையைப் பற்றிய நினைப்பில்லை’ என்பது கொடுமையான பகிடியாகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1970கள் வரை தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை தேசிய கல்வி முறைக்கு வெளியேயே இருந்தன. மலேசிய அறிஞர் சையத் ஹுசைன் அலாட்டாஸ், மலாயர், யாவானியர், பிலிப்பினர் ஆகியோரைப் பற்றிய ‘சோம்பேறிச் சுதேசி’ என்னும் கதையைக் குடியேற்ற ஆட்சி எவ்வாறு உருவாக்கிற்று என 1977இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். தோட்டத்துரை சொன்ன கதையை நாமும் திருப்பிச் சொல்வோமாயின் அக்கதையின் கடைசிப் பதிப்பாசிரியர் நாமேயாவோம்.

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் வாயில்களைத் திறக்கும் முயற்சிகளும் நிகழ்ந்தன. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. சுயமொழிக் கல்வி படிப்படியாகப் பல்கலைக்கழகம் வரை உயர்ந்தது. அக்கல்வியின்றி நம்மிற் பலர் இம்மண்டபங்களைக் கண்டிருக்க மாட்டோம். ஆனால் இரு பிழைகள் உடனிருந்தன. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் ஒரு சாராருக்குத் திறந்த கதவை மறுசாராருக்கு அடைத்தது. தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பு கூறுவதற்கு 1987 வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏற்பட்ட பிளவுக்கும் 1983 முதல் 2009 வரை நீடித்த போருக்கும் நாடு கொடுத்த விலையை எந்தப் பேரேட்டிலும் முழுமையாக எழுதிவிட முடியாது. மற்றது, பாடசாலை சுயமொழிக்கு மாறியபோதும் வங்கி, வணிகம், உயர்தொழில் என்பன ஆங்கிலத்திலேயே நின்றன. 1971 ஏப்ரல் கிளர்ச்சியிலே திரண்டோர் பெரும்பாலும் சிங்களத்திற் கற்ற கிராமப்புற இளைஞர். அவ்வாண்டு டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேச தொழில் நிறுவனக் குழுவும் கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் கிடைத்த தொழிலுக்குமிடையேயுள்ள பிளவையே சுட்டியது. ஆங்கிலத்தைச் சிங்கள மாணவர் ‘கடுவ’, அதாவது வாள், என அழைப்பது வெறும் கேலியன்று. யார் கையில் அவ்வாள் உள்ளது என்பதை அறிந்தோரின் பெயரீடு அது.

கலைப்பீடத்து மாணவர் இதனைத் தினமும் உணர்கின்றனர். ‘கேள்வி’, ‘நிரம்பல்’, ‘அமையச் செலவு’ என உயர்தரத்திற் கற்ற பொருளியல், நூலகத்தின் இறாக்கைகளில் வேறு மொழியிலே காத்திருக்கின்றது. முதலாண்டில் நாம் பொருளியலைக் கற்பதிலும் பார்க்க அதன் பெயர்களை மீளக் கற்பதிலேயே கூடிய காலத்தைச் செலவிடுகின்றோம். இது எமது அறிவின் குறையுமன்று, தமிழின் குறையுமன்று. பாதி வழியில் நிறுத்தப்பட்ட ஓர் ஏற்பாட்டின் குறை.

பண்பாட்டின் பொறுப்பு

இவ்வளவும் கூறியபின், பண்பாட்டுக்கு எப்பங்கும் இல்லையென முடித்தல் நேர்மையாகாது. கல்வியைப் போற்றியதாகப் பெருமைகொள்ளும் அதே யாழ்ப்பாணச் சமூகத்தில், 1920களின் இறுதியில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்குமாறு உத்தரவு வந்தபொழுது உயர்சாதியினர் கடுமையாக எதிர்த்தனர். பாடசாலைகளுக்குத் தீயும் வைக்கப்பட்டது. அதற்குமுன் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள், அனுமதி பெற்றவிடத்தும், தரையில் அல்லது வகுப்புக்கு வெளியே இருந்தே கற்றனர். பூட்டுப் போடுவது அந்நியன் மாத்திரமல்லன். நமது வழக்கமும் பூட்டுப் போட்டது. ஆகவே பண்பாடு பொருளாதாரத்தைப் பாதிக்கின்றது என்பது உண்மை. மாறாத ஆன்மாவாக அது நின்று இயக்குவதில்லை. எவரை உள்ளே விடுவது, எவரை வெளியே நிறுத்துவது என்னும் விதியாகவே இயங்குகின்றது. விதியை மனிதர் ஆக்கினர். மனிதரால் அதனை மாற்றவும் முடியும்.

முடிவுரை

வெபர் முதல் கீத் சென் வரையிலான ஆய்வுகள் நமக்கு உணர்த்துவது யாது? மொழியும் பண்பாடும் நீண்டகால விருத்தியோடு தொடர்புடையன என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தொடர்பை இலக்கண விகுதியிலோ இனக் குணத்திலோ தேடுவோர் வழிதவறுகின்றனர். பிரசியாவின் பள்ளிக்கூடத்திலும் கொரியாவின் எழுத்தறிவு இயக்கத்திலும் மானிப்பாயின் கைவிடப்பட்ட மருத்துவ நூல்களிலும் மலையகத்தின் லயங்களிலும் நாம் காண்பது ஒன்றே: அறிவும் தொழிலும் நீதியும் எம்மொழியில், எவருக்கு வழங்கப்படுகின்றன என்பதே மொழியைப் பொருளாதார சக்தியாக்குகின்றது.

பண்பாட்டு விளக்கம் வென்றவனுக்குப் பெருமையையும் தோற்றவனுக்குப் பழியையும் பகிர்ந்தளிக்கின்றது. வாயிலில் நின்று காவல் புரிந்தவனை மாத்திரம் அது விசாரிப்பதில்லை. எனவே, ‘எங்கள் இரத்தத்தில் ஊறியது’ என்னும் பேச்சை அடுத்தமுறை கேட்கும்போது, எந்தப் பாடசாலையில், எவருடைய பணத்தில், எவரை வெளியே நிறுத்தி அது ஊறியது என வினவுதல் கற்றோரின் கடமையாகும். பெரியவர்கள் கோபித்துக்கொள்ளவும் கூடும். ஆயினும் அவ்வினாவைக் கேட்பதற்கான இடத்தை நமக்குத் தந்தது, ஒரு காலத்தில் நமக்காகத் திறக்கப்பட்ட ஒரு கதவே என்பதை மறத்தலாகாது.